திரிவதற்குத் தேனீக்களுக்கு அனுமதி உண்டு

கிஷ்ஹார்ஷ்,
1974 மே 16

அன்புள்ள பாலிந்த் அண்ணாவுக்கு,

நீ நலம் என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன். அதைத் தவிர அந்தக் கடிதத்தில் நம்புகிற மாதிரி ஒரு வரிகூட இல்லை.

போல்ட்டு ஆலையில் வேலை அதிகம், விடுதிச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று அழுதிருக்கிறாய். சரி. ஆனால் உறையின் பசையில் ஒரு வெள்ளை இதழ் ஒட்டியிருந்தது. நம் நாட்டு வெள்ளை வேலமரத்துப் பூ. ஜ்யோர் நகரத்தில் இப்போது போல்ட்டுகள் பூக்கின்றனவா? அஞ்சல் முத்திரையில் ஃபெஹர்குட் என்று இருக்கிறது. வரைபடத்தில் தேடினேன். ஜ்யோர் வடக்கே, ஃபெஹர்குட் தெற்கே. பதில் கடிதத்தையும் ‘ஃபெஹர்குட் அஞ்சலகத்திலேயே வைத்திருக்கவும், நேரில் வந்து வாங்குவார்’ என்று எழுதி அனுப்பச் சொல்கிறாய். விடுதியில் கட்டிலும் அலமாரியும் உள்ளவன் தன் கடிதத்தை ஏதோ ஒரு கிராமத்து அஞ்சலகத்தில் படுக்க வைப்பானேன்?

இதையெல்லாம் நான் மட்டும் கவனித்திருந்தால் உன்னை மிரட்டி ஒரு ரெக்கார்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடுவேன். நம் ஊர்க் காவலர் கொச்சிஷ் மாமா நேற்று பள்ளி வாசலில் சைக்கிளோடு என்னைப் பிடித்தார்.

“துந்தே, உங்கண்ணன் சிவப்பு அடையாளப் புத்தகத்துல வேலை முத்திரை இருக்கா?”

“அதுல அவன் போட்டோ இருக்கு மாமா. அதைத் தாண்டி உள்ள பாக்க எனக்குத் தைரியம் வரல.”

சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு கவுன்சில் சுவரில் இருக்கும் அறிவிப்பை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். “வேலையும் நிலையான இருப்பிடமும் இன்றித் திரிதல் தண்டனைக்குரியது.” கீழே அப்பாவின் கையெழுத்து. கவுன்சில் செயலாளர் அல்லவா, தானே தட்டச்சு செய்திருப்பார். ‘த’ எல்லாம் தலை சாய்ந்திருக்கிறது, நம் வீட்டு இயந்திரம்தான்.

அண்ணா, நீ திரிகிறாயா?

சந்தேகம் கலந்த அன்புடன்,
துந்தே


ஃபெஹர்குட் (சரி, ஒப்புக்கொள்கிறேன்),
மே 21

துந்தேக் குட்டிப் பிசாசுக்கு,

ஆலை விஷயமாகத்தான் தெற்கே வந்திருக்கிறேன். வெளிவேலை. பூ பறந்து வந்து ஒட்டியிருக்கும். மே மாதத்தில் காற்று என்று ஒன்று உண்டு.

கொச்சிஷிடம் இனி வாயைத் திறக்காதே. நீ பத்து வயதில் தலைமையாசிரியர் வீட்டுக்குத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தவள். உன் நகைச்சுவையின் செலவை எப்போதும் அடுத்தவர்தான் ஏற்கிறார்கள்.

அந்த வார்த்தையை விளையாட்டாக எழுதாதே. சாணை பிடிக்க வந்த கிழவர் நினைவிருக்கிறதா? நம் வீட்டுக் கத்தரிக்கோலைத் தீட்டிவிட்டு வாசலில் காசுக்குக் காத்திருந்தார். அப்பா உள்ளே போய்த் தொலைபேசியில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். காசு வரவில்லை. காவலர் வண்டி வந்தது. அந்தக் கத்தரிக்கோலால் அம்மா இன்னும் துணி வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த கடிதத்தை மேலே உள்ள ஊருக்கு எழுதாதே. நோக்ராட் மலைப்பக்கம் ஷோம்வோல்ஜ் என்று ஒரு கிராமம்; அங்கே அஞ்சலகத்துக்கு எழுது.

உன் அண்ணன்


கிஷ்ஹார்ஷ்,
மே 25

வெளிவேலைக்குப் போன அண்ணாவுக்கு,

தெற்கிலிருந்து ஒரே தாவலில் வடக்குக் கோடிக்கு! அந்த ஆலைக்குச் சக்கரம் இருக்கிறதா, சிறகா?

பள்ளியில் ‘சொல்லும் பொருளும்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எந்தச் சொல்லை எடுத்தேன் என்று உனக்கே தெரியும். அகராதியில் பார்த்தால் ஒன்றரை வரிதான். ஆனால் ஆட்களைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. பையில் சீட்டோடு சுற்றினால் சுற்றுலா, சீட்டில்லாமல் சுற்றினால் சுற்றித்திரிதல். பாலத்தோன் ஏரியில் அலை நாள் முழுக்க அலைகிறது. அதன் பெயரே அலை என்பதால் விட்டுவிட்டார்கள் போல. நம் தந்திக் கம்பத்து நாரை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, பாதி வருடம் இங்கே, பாதி வருடம் அங்கே, கால் சிவப்பே தவிர கையில் சிவப்புப் புத்தகம் கிடையாது. மாவட்டத்திலிருந்து வரும் ஆய்வாளர் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டுக் கோழி சாப்பிடுகிறார்; அவருக்குப் பெயர் தோழர். ஆசிரியை என் கட்டுரையைச் சத்தமாகப் படிக்கவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். உன் கடிதங்களை யாரோ பிரிக்கிறார்கள். போன உறையின் பசை இரண்டு நிறமாக இருந்தது. ஒன்று அஞ்சல்துறைப் பசை, இன்னொன்று மாவுப் பசை. தபால்காரி காலையில் நம் தபாலை அப்பாவின் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறாள். அங்கேதான் கொச்சிஷ் மாமா தினமும் காபி குடிக்கிறார். கண்ணி வைப்போம். அடுத்த கடிதத்துக்குள் ஒரு சிட்டிகை கசகசா போடு. பிரிக்கிறவன் கொட்டுவான். எனக்குக் கசகசா வராவிட்டால் கள்ளன் உண்டு.

நீ எங்கே, என்ன செய்கிறாய்? உண்மையைச் சொல். யாராவது பெண்ணா?

உளவுத்துறை,
துந்தே


ஷோம்வோல்ஜ்,
மே 31

துந்தே,

கேட்டபடி கசகசா போட்டிருக்கிறேன். இது கண்ணியா, இல்லை உன் வேடிக்கையா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன்: கொச்சிஷுக்கு நீயே உளறிவிட்டு இப்போது கசகசாவைக் கிளப்புகிறாயோ? இல்லையென்றால் மன்னித்துவிடு. எவன் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், களைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஆலையை விட்டேன். ஒரே போல்ட்டை மூன்று வருடம் பார்த்தால் அதுவும் உன்னைப் பார்க்க ஆரம்பிக்கும். இப்போது இர்மா என்ற அம்மாளின் தேனீக்களோடு இருக்கிறேன். (வயது நாற்பத்தெட்டு. மீசை என்னைவிட அடர்த்தி. உன் கடைசிக் கேள்விக்கு இதுவே பதில்.) தெற்கே வேலம் பூத்ததும் பெட்டிகளை லாரியில் ஏற்றினோம். அங்கே பூ உதிர்ந்ததும் இங்கே வந்தோம், மலையில் பிந்தித்தான் பூக்கிறது. அடுத்து லிண்டன் மரம், பிறகு சூரியகாந்தி. பூவுக்குப் பின்னால் போவதுதான் வேலை. லாரிக்கு அடியில் தூங்குகிறேன். இவ்வளவு நன்றாக நான் தூங்கியதே இல்லை.

போன வாரம் இங்குள்ள காவலர் காட்டுக்கு வந்தார். இர்மா பெட்டிகளின் சீட்டை நீட்டினாள். கால்நடை மருத்துவர் கையெழுத்து, இரண்டு கவுன்சில் முத்திரை, “ஆகஸ்ட் இறுதிவரை இடம்பெயரலாம்.” அந்த மனிதர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். தேனீக்களுக்கு, துந்தே! பிறகு என்னைக் கை காட்டினார்.

“அது யாரு?”

“கிட்டப் போய்க் கேளுங்க. கொட்டாம இருந்தாச் சொல்லுவான்,” என்றாள் இர்மா.

நான் முகவலையோடு திறந்த பெட்டிமுன் நின்றிருந்தேன். அவர் வரவில்லை. அவை போனால் இடப்பெயர்ச்சி. அவற்றோடு நான் போனால் உன் கட்டுரைத் தலைப்பு. முத்திரை இல்லாத புத்தகத்தோடு பிடிபட்டால் வழக்கு, உள்ளே போய் வந்தவனுக்கு அப்புறம் எந்த வேலையும் இல்லை. இர்மாவும் எனக்கு முத்திரை தர முடியாது. தேனீக்காரர்கள் கூலிக்கு ஆள் வைக்கக்கூடாதாம். ‘குடும்ப உதவியாள்’ என்று சொந்தக்காரனை மட்டும் பதியலாம்.

ஒரு ஜாடி தேனை லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அப்பாவின் பெயர்நாளுக்கு வந்துவிடும். சந்தையில் வாங்கியதாகச் சொல். அவரிடம் உண்மையைச் சொன்னால் நான் உனக்கு அண்ணன் இல்லை.

பாலிந்த்


கிஷ்ஹார்ஷ்,
ஜூன் 9

அண்ணா,

உட்கார்ந்து படி. பெட்டிமேல் உட்காராதே, வேறு எங்காவது.

கசகசா வரவில்லை. ஒன்றுகூட. நான் கொச்சிஷ் மாமாவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மெடார்ட் நாள், நாட்காட்டியில் அப்பாவின் பெயர் வரும் நாள். அப்பாவின் நல்ல கோட்டைத் தூசி தட்டி வைக்கச் சொன்னாள் அம்மா. உள்பையைத் திருப்பினேன்.

கசகசா, அண்ணா. தையலுக்குள் கறுப்பாக, ஒரு சிட்டிகை. அப்பாவுக்குக் கசகசா நூடுல்ஸ் பிடிக்கவே பிடிக்காது, உனக்குத் தெரியும்.

கள்ளன் நம் மேசையின் தலைமாட்டில் உட்காருகிறவர். எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். போல்ட்டு, இர்மா, மீசை, லாரி, எல்லாம். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பொத்தானைப் பார்த்தார்.

பெயர்நாளுக்கு நம் ஊரில் யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை அனுப்புவதும் இல்லை. அதனால் கொச்சிஷ் மாமாவும் வந்தார், காவலர் பெல்ட்டைக் கழற்றாமல். அப்பா பிளம் சாராயம் ஊற்றினார். அம்மாவுக்கு விஷயம் தெரியாது, பெருமையாக உன் தேனை நடுவில் வைத்துவிட்டாள். மாமா ஒரு கரண்டி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

“புதுத் தேனாச்சே. தண்ணி மாதிரி இருக்கு.”

“சந்தையில வாங்கினேன் மாமா.”

“எந்தச் சந்தையில?”

“நீங்க போகாத சந்தையில.”

“வாயாடி. நம்ம பக்கத்துல இந்த வருஷம் வேலம்பூ பூராவும் பனியில கருகிப் போச்சே. இது எங்க பூத்தது?” பிறகு கரண்டியை நக்கிவிட்டு அப்பாவிடம் திரும்பினார். “மெடார்ட், ஜ்யோருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பாலிந்த் பிப்ரவரியிலயே ஆலைய விட்டுட்டானாம். எங்க திரியறான்?”

மேசையில் இருந்த எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜாடியைப் பார்த்தேன். அந்த வார்த்தையை அப்பா இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அது அவருடைய வார்த்தை, அவர் தட்டச்சு செய்தது.

“திரியல. என்கிட்ட வேலை பாக்கறான்,” என்றார் அப்பா.

“கவுன்சில்லயா?”

“தேனீல. எனக்குத் தேனீ இருக்கு. அவன் குடும்ப உதவியாள்.”

“உங்களுக்கா? ஈ வந்தாலே எந்திரிச்சு உள்ள போயிடுவீங்களே!”

“அதனாலதான் உதவியாள்.”

யாரும் சிரிக்கவில்லை. மாமா ஜாடியை மூடினார். “தோட்டத்துல ஒரு பெட்டியும் காணோம்.”

“மலைக்குப் போயிருக்கு, பூவுக்கு. மாசக் கடைசிக்குள்ள வந்துடும்.”

“வரட்டும். பெட்டியையும் பாக்கறேன், பையனையும் பாக்கறேன். அப்புறந்தான் முத்திரை. இல்லேன்னா மெடார்ட், ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேஸ் எழுதணும்.”

அண்ணா, நம் அப்பா பொய் சொன்னார். அதுவும் பெல்ட் போட்ட ஆளிடம், சாட்சிகளோடு. மாதக் கடைசிக்குள் நீ ஒரு பெட்டித் தேனீயோடு வராவிட்டால் நீ திரிகிறவன், அவர் பொய்யர். வேலை போய்விடும்.

வா.

துந்தே


ஷோம்வோல்ஜ்,
ஜூன் 13

துந்தே,

உன் கடிதத்தை இர்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து, தேனீக்குப் புகை போடும் டப்பாவைக் காலில் போட்டுக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை.

திருட்டுத்தனமாக என் கடிதங்களைப் படித்த மனிதர் திடீரென்று எனக்காகப் பொய் சொல்கிறார். ஏன்? சாணைக்காரரிடமும் அவர் சத்தம் போடவில்லை, துந்தே. “கொஞ்சம் இருங்க, காசு எடுத்துட்டு வரேன்” என்று அன்பாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. “மாசக் கடைசிக்குள்ள வந்துடும்” என்பதும் அதே குரலாக இருந்தால்? தேனீயோடு வாசலுக்கு வருவேன், கதவுக்குப் பின்னால் கொச்சிஷ் நிற்பார்.

அவர் என்னிடம் நேராக எதையும் கேட்டதில்லை. இப்போதும் உன் வாயால் கேட்கிறார்.

பாலிந்த்


கிஷ்ஹார்ஷ்,
ஜூன் 17

அண்ணா,

இந்த முறை வேடிக்கை இல்லை. அப்பாவிடம் நேராகவே கேட்டேன். சவரம் செய்துகொண்டிருந்தார், ஓட முடியாது.

“ஏன்ப்பா அவன் லெட்டரப் பிரிச்சீங்க?”

கண்ணாடியைப் பார்த்தே பேசினார். “மூணு வருஷமா உனக்குத்தான் எழுதறான். அம்மாவுக்கு ரெண்டு வரி. எனக்கு ‘அப்பாவுக்கும் சொல்லவும்’னு ஒரு வரி. நீ ஒரு நாளும் சொன்னதில்ல.”

அது உண்மை. நான் சொன்னதில்லை. நீ சும்மா எழுதுகிறாய் என்று நினைத்தேன்.

“கொச்சிஷ் மாமாகிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்.” சவரக் கத்தியைத் துண்டில் துடைத்தார். “அந்தச் சாணைக்காரன் பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அன்னிக்கு போன்ல பேர் கேட்டாங்க. தெரியலைன்னேன். வார்த்தையே போதும்னுட்டாங்க.”

அவ்வளவுதான் பேசினார். நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவர் படித்திருக்கிறார். உறையில் மாவுப் பசை. ஆனால் இந்த முறை ஒளிக்கவில்லை, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

இது கண்ணியா இல்லையா என்று எனக்கும் தெரியாது. கண்ணி வைப்பதில் நம் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். நீயே முடிவு செய். நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன, கொச்சிஷ் மாமா நம் வேலியோரம் தன் புது மோட்டார்சைக்கிளை மெதுவாக ஓட்டுகிறார்.

துந்தே


ஷோம்வோல்ஜ்,
ஜூன் 22

அப்பாவுக்கு,

இதை உங்கள் பெயருக்கே அனுப்புகிறேன். ஆவியில் காட்டிப் பிரிக்க வேண்டியதில்லை.

கூட வரும் சின்ன மரப்பெட்டியில் காற்றுக்கு வலை போட்டிருக்கிறது. கிழிக்காதீர்கள். உள்ளே ஒரு ராணித் தேனீ இருக்கிறது, ஊட்டிவிட ஆறேழு பணிப்பெண்கள், சர்க்கரை உருண்டை. தேனீக்காரர்கள் ராணியைத் தபாலில்தான் அனுப்பிக்கொள்வார்கள். தினமும் காலையில் வலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர். வெயிலிலும் புகையிலும் வைக்காதீர்கள்.

என் கூலிக்குப் பதிலாக இர்மா ஒரு பெட்டித் தேனீ தந்திருக்கிறாள். சீட்டில் உரிமையாளர் என்று உங்கள் பெயர். அந்தப் பெட்டியின் ராணிதான் உங்களிடம் இருப்பது. இங்கே பெட்டிக்குள் அவளைக் காணாமல் ஓலமிடுகிறார்கள், இரைச்சல் மரம்வரை கேட்கிறது. ஒரு வாரம் தாங்கும். அதற்குள் இரண்டும் சேராவிட்டால் இரண்டும் போய்விடும்.

சனிக்கிழமை விடியலில் லாரி வரும். கதவுக்குப் பின்னால் யார் நிற்பார் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் எந்த உறுதியும் கேட்டுவிட்டு ராணியை அனுப்பவில்லை, முதலில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். அவளை நீங்கள் சாகவிட்டால் எனக்குப் பதில் தெரிந்துவிடும், லாரியைத் திருப்பிக்கொள்வேன்.

துந்தேவுக்கும் சொல்லவும்.

பாலிந்த்


கிஷ்ஹார்ஷ்,
ஜூன் 29, சனி, விடியல்

அண்ணாவுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ வந்தால் கையில் தருவேன், வராவிட்டால் அடுப்பில்.

பெட்டியை அப்பாவே பிரித்தார். நீ சொன்னபடி வலையைக் கிழிக்கவில்லை, ஆனால் மோந்து பார்த்தார். ஒரு பணிப்பெண் வலைவழியே மூக்கில் கொட்டிவிட்டாள். பெயர்நாளன்று உன் தேன் மேசையில் கொட்டியபோது யாரும் துடைக்கவில்லை. தேனீ கொட்டியதற்கு அம்மா வெங்காயத்தோடு ஓடி வந்தாள். இப்போது அப்பாவின் மூக்குதான் வீட்டில் பெரியது. காலையில் பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி, அதைக்கொண்டு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். முதல் இரண்டு சொட்டு எப்போதும் மேசையில். அலுவலகத்துக்கும் சட்டைப்பையில் வைத்து எடுத்துப் போகிறார்.

நேற்று கொச்சிஷ் மாமா வந்தார்.

“மாசம் முடியுது மெடார்ட். தேனீ எங்க?”

அப்பா பையிலிருந்து எடுத்து நீட்டினார். “இந்தா.”

“இது ஒண்ணா?”

“இவ ராணி. மத்தவங்க வழியில இருக்காங்க.”

“தபால்ல வந்த பூச்சிக்கு நான் முத்திரை குத்தணுமா?”

“இவளுக்கு வேண்டாம். இவ எங்க போனாலும் யாரும் கேக்கறதில்ல. பையனுக்குக் குத்து.”

“பையன் வரலேன்னா?”

அப்பா பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மாமா அப்பாவின் மூக்கையே பார்த்தார். “நாளைக்குக் காலையில வந்து பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, கதவண்டை அவர் வரத்தான் போகிறார். அப்பா கூப்பிட்டாரா, அவராகவே வருகிறாரா? இரவு முழுக்க இதையே யோசித்தேன். என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அப்பா இருட்டு விலகுமுன்பே எழுந்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சமையலறை ஜன்னலிலிருந்து அவர் முதுகுதான் தெரிகிறது.

இப்போது தெருமுனையில் ஒரு எஞ்சின் சத்தம். மாமாவின் புது மோட்டார்சைக்கிளா, லாரியா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பா எழுந்துவிட்டார். காது கொடுத்துக் கேட்கிறார். வெளிவாசல் இரட்டைக் கதவின் வலது பக்கத்தைத் திறந்து கல் வைக்கிறார்.

மோட்டார்சைக்கிளுக்கு அது போதும்.

இடது பக்கத்தின் தாழ் துருப்பிடித்துக் கிடக்கிறது, பல வருடமாக யாரும் தொட்டதில்லை. அப்பா குனிந்து அதை இழுத்துக்கொண்டிருக்கிறார்.